இரண்டு சிலிண்டர் தூங்கினால் பெட்ரோல் எப்படி மிச்சமாகும்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது அவர்களுடைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் ஊர் சுற்றினாராம். மேடு பள்ளம் இல்லாத ஒரு சாலையில் வண்டி அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் ‘இரண்டு சிலிண்டரில் ஓடுகிறது’ என்று ஒரு வரி தோன்றி, கொஞ்ச நேரத்தில் மறைந்திருக்கிறது. ‘நாலில் இரண்டை நிறுத்தினால் மிச்ச இரண்டும் இரட்டிப்பு வேலை செய்ய வேண்டும். அதற்கு இரட்டிப்புப் பெட்ரோல் குடிக்கும். மொத்தத்தில் கணக்கு ஒன்றுதானே, லாபம் எங்கிருந்து வந்தது?’ என்பது அவருடைய கேள்வி.

அவர் போட்ட கூட்டலில் தப்பில்லை. ஒரு செலவை மட்டும் எழுத விட்டுவிட்டார். அது காற்றை உறிஞ்சுவதற்கு எஞ்சின் செய்யும் செலவு.

முதலில் வண்டி. ஏழாம் தலைமுறை கோல்ஃபை 2012 செப்டம்பரில் பெர்லினில் அறிமுகப்படுத்தினார்கள். நாலைந்து பேர் உட்காரும் சாதாரண குடும்ப ஹேட்ச்பேக். அதில் வந்த எஞ்சின்களில் ஒன்று 1.4 டிஎஸ்ஐ: 1395 சிசி, நாலு சிலிண்டர், ஒரு டர்போ, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்ஷன், 140 குதிரைத்திறன். சிலிண்டரைத் தூங்க வைக்கும் அமைப்போடு வந்தது இதுதான். 100 கிலோமீட்டருக்கு 4.7 லிட்டர் என்று ஐரோப்பியச் சோதனையில் சொன்னார்கள். லிட்டருக்கு 21 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அது பழைய சோதனை முறை, ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுக்கும் எண், சாலையில் யாருக்கும் அப்படியே கிடைத்ததில்லை. அப்புறம், இதே நிறுவனம் டீசல் புகைச் சோதனையில் ஏமாற்றி 2015இல் மாட்டிக்கொண்டதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் இந்த எஞ்சினுக்குள் இருக்கும் வித்தை அசல் சரக்கு.

உறிஞ்சு, அழுத்து, எரி, வெளியேற்று என்ற நாலு வீச்சு பள்ளியில் படித்ததுதான், அதைத் தாண்டிப் போவோம். பலர் கவனிக்காத இடம் முதல் வீச்சு. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் குறைத்தால் காற்றையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவை ஒழுங்காக எரியாது, புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியும் வேலை செய்யாது. அதனால் காற்றுக் குழாயில் ஒரு தகட்டைக் கதவு போல வைத்திருக்கிறார்கள். அதுதான் த்ராட்டில். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கதவு திறக்கும், காலை எடுத்தால் மூடும். நாம் ‘பெட்ரோல் மிதிக்கிறோம்’ என்று சொன்னாலும் மிதிப்பது காற்றுக் கதவைத்தான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. கோல்ஃப் மாதிரி ஒரு வண்டி சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக எவ்வளவு சக்தி தேவை? டயர் உராய்வுக்கும் காற்றின் எதிர்ப்புக்கும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 4 கிலோவாட் வருகிறது. சுமார் 5 எச்பி. நம் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் அளவு! 140 எச்பி எஞ்சினை வைத்துக்கொண்டு 5 எச்பி வேலை செய்கிறோம். அப்போது த்ராட்டில் கதவு கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். நாலு பிஸ்டனும் அந்த இடுக்கு வழியாக மூச்சை இழுத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இறங்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரிந்துகொள்ள, மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். முனையை விரலால் பாதி மூடிக்கொண்டு உள்தண்டை இழுங்கள். இழுக்கக் கஷ்டமாக இருக்கும். இழுத்து முடித்ததும் தண்டு அங்கேயே நிற்கும், காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. நீங்கள் போட்ட உழைப்பு திரும்பி வராது. பாதி மூடிய த்ராட்டிலில் எஞ்சின் இழப்பது இதுதான். இதற்கு உறிஞ்சல் இழப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இப்போது அதே சிரிஞ்சின் முனையை முழுசாக அடைத்துக்கொண்டு இழுத்து விடுங்கள். சடக்கென்று தண்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். அழுத்தி விட்டாலும் அப்படித்தான், திரும்பத் தள்ளும். ஸ்பிரிங் மாதிரி, கொடுத்ததைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பாதி மூடினால் நஷ்டம், முழுசாக மூடினால் நஷ்டம் கிட்டத்தட்ட இல்லை. என் பெண்ணுக்கு இதைச் செய்து காட்டப்போய் நானே அரை மணி நேரம் சிரிஞ்சும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

வாசகரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இரண்டு சிலிண்டரின் வால்வுகளை முழுசாக மூடிவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெறும் ஸ்பிரிங். பிஸ்டன் மேலே போகும்போது அழுங்கும், கீழே வரும்போது தள்ளும். விழித்திருக்கும் இரண்டுக்கும் இப்போது இரட்டிப்புக் காற்று தேவை, அதனால் கம்ப்யூட்டர் த்ராட்டில் கதவை அகலமாகத் திறந்துவிடுகிறது. கதவு திறந்ததும் இடுக்கு வழியாக மூச்சிழுக்கும் வேலை குறைந்துவிட்டது. மிச்சமாகும் பெட்ரோல் அந்த மூச்சுக்குச் செலவாகிக்கொண்டிருந்த பெட்ரோல். சோதனையில் 100 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர் குறைகிறது என்றும், மூன்றாவது நாலாவது கியரில் சீராக 50இல் போனால் ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைகிறது என்றும் நிறுவனம் சொன்னது.

டர்போவும் இதே வழக்கில்தான் சாட்சி சொல்ல வருகிறது. புகையின் வேகத்தில் சுழன்று காற்றைத் திணிக்கும் கருவி என்று எல்லோருக்கும் தெரியும். அது தானாகப் பெட்ரோலை மிச்சப்படுத்துவதில்லை. சின்ன எஞ்சினைப் பெரிய எஞ்சின் போல நடிக்க வைக்கிறது, அவ்வளவுதான். ஐந்தாம் தலைமுறை கோல்ஃபில் டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின் ஒன்று இருந்தது: 150 குதிரைத்திறன், 3500 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நம் 1.4 லிட்டர் எஞ்சின் 1500 சுற்றிலேயே 250 தருகிறது. எஞ்சின் சின்னதானால் சாதாரண ஓட்டத்தில் த்ராட்டில் அதிகம் திறந்திருக்கும். உறிஞ்சல் இழப்பு குறையும். டர்போ செய்ததன் மேல் இன்னொரு படி போய், 1.4 லிட்டரையும் தற்காலிகமாக 0.7 லிட்டராக்குவதுதான் இந்தத் தூக்க வித்தை.

சரி, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் வால்வை எப்படி நிறுத்துவது? எனக்கு உயிரான இடம் இதுதான்.

வால்வைத் திறப்பது கேம்ஷாஃப்ட். ஒரு தண்டு, அதன் மேல் முட்டை வடிவ மேடுகள். மேடு வந்து அழுத்தினால் வால்வு திறக்கும், மேடு கடந்ததும் ஸ்பிரிங் அதை மூடும். ஒன்றாம், நாலாம் சிலிண்டருக்கு மேலே வழக்கமான மேடுகள். இரண்டு, மூன்றுக்கு மேலே மட்டும் மேடுகள் ஒரு குழாய் உறையின் மேல் இருக்கின்றன. உறை தண்டோடு சேர்ந்து சுற்றும், ஆனால் தண்டின் நீளவாக்கில் சில மில்லிமீட்டர் வழுக்கவும் முடியும். ஒவ்வொரு வால்வுக்கும் உறையில் இரண்டு வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று முட்டை. இன்னொன்று மேடே இல்லாத மொட்டை வட்டம். உறை நகர்ந்து மொட்டை வட்டம் வால்வுக்கு நேரே வந்துவிட்டால், அது பாட்டுக்குச் சுற்றும், வால்வு அசையாது.

உறையை நகர்த்துவது யார்? கையோ, எண்ணெய் அழுத்தமோ, மோட்டாரோ எதுவும் கிடையாது. உறையின் வெளிப்பக்கத்தில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே, அசையாத ஒரு மின்காந்தத்தில் குச்சி போல ஒரு பின். கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்ததும் பின் பள்ளத்தில் இறங்கி நிற்கிறது. பின் நகராது, உறை சுற்றிக்கொண்டே இருக்கிறது, பள்ளமோ சாய்ந்து ஓடுகிறது. அதனால் உறை தானே பக்கவாட்டில் வழுக்குகிறது. போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டைச் சுற்றினால் நட்டு நகருமே, அந்தக் கதை. நகர்த்தும் பலம் சுற்றும் தண்டிலிருந்தே வருகிறது, மின்காந்தத்துக்குக் குச்சியை இறக்கும் வேலை மட்டும். அதை ஏற்றிவிடும் வேலைகூட இல்லை: பள்ளம் கடைசியில் ஆழம் குறைந்து பின்னை மேலே தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளும்போது சுருளில் தூண்டப்படும் சின்ன மின் துடிப்பைப் பார்த்து ‘வேலை முடிந்தது’ என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. இதை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

கேம்ஷாஃப்ட் அரைச் சுற்று சுற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எஞ்சின் வேகத்தைப் பொறுத்து 13 முதல் 36 மில்லிவினாடி. கண் ஒருமுறை இமைப்பதற்குள் இரண்டு மூன்று தடவை செய்யலாம். கூடுதல் பாகங்களின் மொத்த எடை 3 கிலோ. ஏன் நடு சிலிண்டர்கள் இரண்டையும் நிறுத்துகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. எரியும் வரிசை 1, 3, 4, 2. இதில் 3ஐயும் 2ஐயும் எடுத்துவிட்டால் மிச்சமுள்ள 1ம் 4ம் சரியாக ஒரு முழுச் சுற்று இடைவெளியில் மாறி மாறி எரியும், தாளம் தப்பாது. ஒன்றையும் இரண்டையும் நிறுத்தியிருந்தால் வண்டி நொண்டியடிக்கும்.

யோசனை பழசு. 1981இல் அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினை ஆறாகவும் நாலாகவும் மாற்றும் கார்களை விற்றது. அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் இல்லை. வண்டி உதறியது, வாங்கியவர்கள் கோபத்தில் அந்த வசதியையே அறுத்துவிடச் சொன்னார்கள், பெரும்பாலான மாடல்களில் ஒரே வருடத்தில் கைவிட்டார்கள். தோற்ற யோசனையை முப்பது வருடம் கழித்து ஒரு குடும்பக் காரில் ஓட வைத்ததில் பெரும்பங்கு பொறுமையாகச் சம்பளம் கொடுக்கப்பட்ட ஆட்களுடையது. நம் ஊரில் அந்தப் பொறுமைக்கு நிதி ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. வால்வு திறந்து மூடும் படத்தை நம் பொறியியல் கல்லூரிகளில் வருடம் தவறாமல் தேர்வில் வரையச் சொல்கிறோம், ஒரு கேம்ஷாஃப்டைக் கையில் கொடுத்து ‘இதை மாற்றிக் காட்டு’ என்று சொல்வதில்லை. பதிலுக்கு நமக்குக் கிடைத்தது 1996இல் மாநிலமே வாய்பிளந்து பார்த்த மூலிகைப் பெட்ரோல். இன்றைக்கும் பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்கிறார்கள். என் சித்தப்பா ஒருவர் மாட்டியிருக்கிறார். பெட்ரோல் காந்தத்துக்கு அசையாது சித்தப்பா என்று சொன்னால், ‘உனக்கு என்னடா தெரியும், இரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கு’ என்கிறார். காந்தம் மாட்டிய பிறகு மெதுவாக ஓட்ட ஆரம்பித்திருப்பார்.

கோல்ஃபில் 2017இல் இதன் தம்பி வந்தது, 1.5 டிஎஸ்ஐ. அதன் 130 குதிரைத்திறன் வகையில் இன்னொரு தந்திரம் சேர்ந்தது: பிஸ்டன் அடிவரை இறங்குவதற்கு முன்பே உள்வால்வை மூடிவிடுவது. காற்றைக் குறைக்க த்ராட்டிலை நெருக்குவதற்குப் பதிலாக வால்வைச் சீக்கிரம் சாத்துகிறார்கள், அதே உறிஞ்சல் இழப்புக்கு இன்னொரு வைத்தியம். மில்லர் சுழற்சி என்று அதைச் சொல்வார்கள். குறைவாக அழுத்தி நிறைய விரிய விடுவதால் புகையின் சூடும் தணிகிறது. அதிகச் சூடு ஆகாத கருவி, இறக்கைக் கோணம் மாறும் டர்போ. 2006இல் போர்ஷே 911 டர்போவில் வந்த அதை, புகை தணிந்ததால் ஒரு குடும்பக் காருக்கும் கொடுக்க முடிந்தது.

கோவை வாசகர் இதைப் பார்க்க மறுபடி ஜெர்மனிக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. இங்கே விற்ற ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ், டைகூன், அதன் குழுமத்து ஸ்கோடாவின் ஸ்லாவியா, குஷாக் வண்டிகளின் 1.5 டிஎஸ்ஐ வகைகளில் இந்தத் தூங்கும் சிலிண்டர்கள் இருக்கின்றன. ஆனால் காந்திபுரம் நெரிசலில் எதிர்பார்க்காதீர்கள். அடிக்கடி மிதித்து விட்டால் ஓட்டுநர் அவசரத்தில் இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டி நாலையும் விழிக்க வைத்துவிடும். அதிகாலையில் பைபாஸில் ஏறி, காலை அசைக்காமல் எழுபதில் போங்கள். திரையில் அந்த வரி வரும். முதல் மேம்பாலத்தில் ஏறும்போது போய்விடும்.