நெடும்பயணத்துக்கு முன் பின்சக்கரத்தை ஒருமுறை கழற்றுங்கள்

பைக்கில் நெடுந்தூரம் கிளம்புவதற்கு முன் வண்டியைக் காட்ட வருகிறவர்களிடம் நான் ஒரு வேலை சொல்வேன். பயணப் பையில் இருக்கும் சாமான்களை மட்டும் வைத்து, என் பட்டறையிலேயே பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொல்வேன். பலரால் முடிவதில்லை. நாற்பது துண்டுகள் அடுக்கிய பளபளப்பான பெட்டி இருக்கும். சக்கர அச்சை இறுக்கிப் பிடிக்கும் ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் மட்டும் அதில் இருக்காது. அந்த நட் சில வண்டிகளில் 24 மி.மீ., சிலவற்றில் 27, சிலவற்றில் 32. சக்கரமே கழலாவிட்டால் கூடவே சுமந்து வந்த டியூப், டயர் லீவர், பம்ப் எல்லாம் வீண் பாரம்தான்.

பஞ்சர் சாமான் வாங்குவதற்கு முன், உங்கள் டயர் எந்த வகை என்று பாருங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையில் ரப்பர் திரி செருகி அடைத்துவிடலாம். ஆனால் தரையில் படும் பகுதியில் விழுந்த ஓட்டைக்கு மட்டுமே அந்தத் திரி. பக்கச்சுவர் கிழிந்த டயரை அதை நம்பி ஓட்டவே கூடாது. உள்ளே டியூப் இருக்கும் சக்கரத்துக்கோ அந்தத் திரியால் பயனே இல்லை. மாற்று டியூப் வேண்டும். அதையும் ஸ்பேனர்களோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். குலுங்கலில் இரும்பு உராய்ந்து, பையிலிருந்து எடுக்கும்போதே டியூப் ஓட்டையாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பவுடர் தூவி, துணியில் சுற்றித் தனியாக வையுங்கள்.

கிளட்ச் கேபிள் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் அறுகிறது. லீவரில் மாட்டியிருக்கும் முனையருகே இழைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். நெடும்பயணத்துக்கு நான் செய்வது இது: கிளம்புவதற்கு முன்பே புதிய கேபிளைப் பொருத்தி ஓட்டிப் பார்த்துவிட்டு, இழை பிரியாத பழையதைப் பையில் போட்டுக்கொள்வேன். அதன் நீளமும் முனையும் பொருந்துமா என்ற சந்தேகமே எழாது. புதிதாக வாங்கி உறை பிரிக்காமல் கொண்டுபோன கேபிள், வழியில் நான்கு விரற்கடை குறைந்து நின்றால் என்ன செய்ய முடியும்?

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். 428 செயினுக்கு 520 லாக் பொருந்தாது. உங்கள் செயினில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் கழன்று விழக்கூடும். ஸ்பார்க் பிளக் ஒன்று போதும், அதைக் கழற்றும் ஸ்பேனரோடு.

ஃபியூஸ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 10 ஆம்பியர்தான் போட வேண்டும். அவசரத்துக்குக் கம்பியைச் சுற்றி ஓட்டி, வயரிங் முழுவதும் கருகிய நிலையில் வந்த வண்டிகளைப் பழுது பார்த்திருக்கிறேன். மாற்றிய ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உரசித் தோல் போன வயரைத் தேடுங்கள். ஹேண்டில் திரும்பும் இடத்தில் தொடங்கிப் பாருங்கள்.

இத்தனையையும் எங்கே வைப்பது? தயவுசெய்து முதுகுப் பையில் வேண்டாம். கீழே விழுந்தால் உங்கள் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் ஸ்பேனர் கட்டு இருக்கும். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் வைப்பதும் அதே ஆபத்துதான். வண்டியின் நடுப்பகுதியில், முடிந்தவரை தாழ்வாக, ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். பின் கேரியரின் நுனியில் பாரம் ஏறினால் முன்சக்கரத்தின் பிடி குறையும். வளைவில் வண்டி தடுமாறும்.

டார்ச் லைட் வாங்குவதானால் நெற்றியில் கட்டும் வகையாக வாங்குங்கள். இருட்டில் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி வண்டியை நிறுத்திய பிறகு, சக்கரத்தைத் தாங்கவும் ஆக்சிலைச் செருகவும் உங்களுக்கு இரண்டு கைகளும் வேண்டும்.