களைத்த உதட்டோடு போய் மவுத்பீஸ் வாங்குங்கள்

தை மாத முகூர்த்தங்கள் ஓய்ந்ததும் பேண்டு செட்டுகளில் டிரம்பெட் ஊதுகிற தம்பிகள் என்னிடம் வரத் தொடங்குவார்கள். சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "முதல் ஒரு மணி நேரம் நல்லா போகுது மாஸ்டர். அப்புறம் லிப் போயிடுது." கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு இரவு இரவாக ஊதிவிட்டு வருகிற சர்ச் பேண்டுக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கருவியை மாற்றலாமா, மூச்சு போதவில்லையா என்று கேட்பார்கள். நான் முதலில் கையை நீட்டிக் கேட்பது, கருவியின் முனையில் செருகி உதட்டில் வைத்து ஊதுகிற மவுத்பீஸை.

போன வருடம் வந்த ஒரு தம்பியின் மேலுதட்டில் வளையமாக ஒரு தடம். கடைசியாக ஊதி இரண்டு நாள் ஆகியிருந்தது, தடம் போகவில்லை. அவருடைய மவுத்பீஸை வாங்கி, உதடு உட்காருகிற விளிம்பில், அதாவது ரிம்மில், கட்டைவிரல் நகத்தை மெதுவாகச் சுற்றி ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நகம் தட்டியது. எப்போதோ கீழே விழுந்ததில் விளிம்பில் ஒரு வடு, பார்த்தால் தெரியாத அளவுக்குச் சின்னது. வெள்ளி முலாம் பாதி தேய்ந்து பித்தளை தெரிந்தது. சுண்டுவிரல் நுனியை ரிம்முக்கு உள்ளே இருக்கிற கிண்ணத்துக்குள், அதாவது கப்புக்குள், விட்டால் உடனே அடி தட்டியது. "மேல் நோட் ஈஸியா வரும்னு சொல்லிக் கொடுத்தாங்க மாஸ்டர்" என்றார்.

மேல் நோட் வரும்தான். உதடு புதிதாக இருக்கும்வரை வரும். ஆழமில்லாத கப் சத்தத்தைக் கூர்மையாக்கும், தெருவில் வெடிச் சத்தத்தையும் டிரம் செட்டையும் தாண்டிக் கேட்க வைக்கும். ஆனால் ஒரு மணி நேரம் ஊதினால் யாருடைய உதடும் கொஞ்சம் வீங்கும். வீங்கிய உதடு ரிம்முக்குள் இன்னும் உள்ளே போகும். கப் ஆழமில்லை என்றால் அடியில் போய் ஒட்டிக்கொண்டு அதிர முடியாமல் நின்றுவிடும். ஊதுகிறவருக்குக் காற்று அடைத்துக்கொண்டது போலத் தோன்றும். உடனே என்ன செய்வோம்? இடது கையால் டிரம்பெட்டை இன்னும் இழுத்து உதட்டில் அழுத்துவோம். அழுத்தினால் ரத்த ஓட்டம் குறையும், உதடு மரத்துப்போகும், அழுத்தத்தை எடுத்ததும் இன்னும் வீங்கும். அடுத்த பாட்டுக்கு அதைவிட அதிகமாக அழுத்த வேண்டியிருக்கும். "லிப் போயிடுது" என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சுழலைத்தான்.

வலிக்க வலிக்க ஊதினால்தான் உதடு பக்குவப்படும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. உதட்டில் ரத்தம் கசிந்ததைப் பெருமையாகச் சொல்கிற சீனியர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கைவிடப் பெரிய டிரம்பெட் கலைஞரை யாரால் சொல்ல முடியும்? அவருக்கே உதடு கெட்டு, 1935-இல் பல மாதம் வாசிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. வாயைச் சுற்றியுள்ள வளையத் தசை கிழிந்து, மேல் நோட்டுகளைப் பிடிக்க முடியாமல் போகிற நிலைக்கு, 1982-இல் அதை மருத்துவ இதழில் எழுதிய பிளாஸ்டிக் சர்ஜன் ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரை வைத்து 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்றே பெயர் கொடுத்தார். உதட்டில் மரப்பு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, உதட்டின் ஓர் இடம் பள்ளமாகத் தட்டுப்பட்டாலோ, திடீரென ஓரத்தில் காற்று கசிய ஆரம்பித்தாலோ, கருவியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். மவுத்பீஸ் கடைக்கு அப்புறம் போகலாம்.

சரி, கடைக்குப் போனால் எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால் பாதி விஷயம் ரிம்மில்தான் இருக்கிறது. அகலமான, தட்டையான ரிம் அழுத்தத்தைப் பரப்பி விடும், நீண்ட நேரம் தாங்கும். ஆனால் உதட்டின் அசைவைக் கொஞ்சம் கட்டிப்போடும். கீழிருந்து மேலே தாவுகிற இடங்களில் அது தெரியும். ஒடுங்கிய ரிம்மில் தாவல் சுலபம், ஆனால் சீக்கிரம் கடிக்கும். உள் விளிம்பு கூராக இருந்தால் ஒவ்வொரு சுரமும் சுத்தமாகத் தொடங்கும், இரண்டு மணி நேரம் ஊர்வலத்தில் ஊதுகிறவருக்கு அதுவே கத்தி. ஊர்வலம், கீத பவனி என்று நிறுத்தாமல் ஊதுகிறவர்களுக்கு உள் விளிம்பு மழுங்கலாக, நடுத்தர அகலம் உள்ள ரிம்மையே நான் சொல்வேன். உதடு தடித்தவர்களுக்கு உள் விட்டம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. கப் நடுத்தர ஆழம் போதும்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இதில் பணத்தை விட்டவர்கள் பலர். மவுத்பீஸின் மேல் பொறித்திருக்கிற எண் விட்டத்தையும் எழுத்து கப்பின் ஆழத்தையும் குறிக்கும். பாக் கம்பெனி மவுத்பீஸில் எண் சிறிதானால் விட்டம் பெரிது. 7சி-யை விட 3சி பெரிது, அதைவிட 1½சி பெரிது. யமஹா, ஷில்கே கம்பெனிகளில் இது தலைகீழ். 11பி4-ஐ விட 14பி4 பெரிது. எழுத்திலும் அப்படித்தான். பாக்கில் ஏ என்றால் ஆழமான கப், இ, எஃப் என்று போகப் போக ஆழம் குறையும். யமஹாவில் ஏ ஆழமில்லாதது. பாக் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இணையத்தில் யமஹாவை ஆர்டர் செய்தவர், நினைத்ததற்கு நேர் எதிரானதை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

எண்ணையே முழுதாக நம்பவும் வேண்டாம். பாக் கேட்டலாக்கில் 7சி-யின் விட்டம் 16.20 மில்லிமீட்டர், 3சி 16.30. வித்தியாசம் ஒரு ஏ4 தாளின் தடிமன்தான். ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், வேறு வேறு ஆள் செய்தது போல இருக்கும். ரிம்மின் வளைவும் விளிம்பின் கூர்மையும் செய்கிற வேலை அது. இந்த எண்களைத் தந்த வின்சென்ட் பாக்கே டிரம்பெட் கலைஞர்தான். 1918-இல் பயணத்தின்போது அவருடைய மவுத்பீஸை ஒரு பழுதுபார்ப்பவர் கெடுத்துவிட, தனக்கு ஒத்து வருகிற ஒன்றைத் தானே கடைசல் எந்திரத்தில் செய்யப்போய், அதுவே அவர் தொழிலாகிவிட்டது. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஒத்துவருகிற ஒரு ரிம்மை இழந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். காலையில் குளித்துவிட்டுத் தெளிந்த உதட்டோடு கடைக்குப் போனால் எந்த மவுத்பீஸும் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருக்கும். ஆழமில்லாதது இன்னும் நன்றாக இருக்கும், மேல் நோட் பளிச்சென்று வந்து விழும், வாங்கிவிடுவீர்கள். அதனால் வீட்டில் ஒரு மணி நேரம் ஊதிவிட்டு, உதடு லேசாகக் கனக்கும்போது போங்கள். உங்கள் டிரம்பெட்டையே கொண்டு போங்கள். முதலில் ஊதாமல் கண்ணை மூடிக்கொண்டு ரிம்மை உதட்டில் வைத்துப் பாருங்கள். எங்காவது ஒரு புள்ளி தனியாக அழுத்தினால் அங்கேயே கீழே வைத்துவிடுங்கள். பிறகு இரண்டாம் கோட்டு ஜி-யை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தொடங்குங்கள். காற்று முதலில் வந்து சத்தம் பின்னால் வந்தால் உதடு சரியாக உட்காரவில்லை. அப்புறம் மூன்று வால்வையும் அழுத்திக் கீழ் எஃப் ஷார்ப்பில் நீளமாக நில்லுங்கள். அதெல்லாம் முடிந்த பிறகு மேலே போய்ப் பார்க்கலாம். ஊதும்போது வலது சுண்டுவிரலைக் கொக்கியிலிருந்து எடுத்து மேலே வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியைப் பிடித்து இழுக்கிற பழக்கம் இருந்தால் எந்த மவுத்பீஸும் மோசமாகத்தான் தெரியும்.

வாங்கிய பிறகு இரண்டு வாரம் அதை மட்டுமே ஊதுங்கள். முகூர்த்த சீசனுக்கு நடுவில் மாற்றாதீர்கள். சத்தம் பிடிக்கவில்லை என்றால் அதே ரிம்மில் வேறு கப் உள்ளதைத் தேடுங்கள், இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. கப்பின் அடியில் காற்று போகிற துளையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது டிரில்லை எடுத்தால் மறுத்துவிடுங்கள். பாக்கின் வழக்கமான துளை 3.66 மில்லிமீட்டர். அதை அகலப்படுத்தினால் காற்று அதிகம் செலவாகும், இன்னும் சீக்கிரம் களைப்பீர்கள், திரும்ப ஒடுக்கவும் முடியாது. டிரம்பெட்டின் உறவுக் கருவியான கார்னெட்டின் மவுத்பீஸ் தண்டில் காகிதம் சுற்றி டிரம்பெட்டில் செருகுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். சுருதி நிற்காத அந்தப் போராட்டத்தையும் உதடுதான் சுமக்கிறது.

முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் சிலருக்கு உதட்டில் அரிப்பும் தடிப்பும் வரும். திரும்ப முலாம் பூசுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் தங்க முலாமோ பிளாஸ்டிக் ரிம்மோ வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மவுத்பீஸை இன்னொருவர் வாங்கி ஊதும் வழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. உதட்டுப் புண் அப்படித்தான் ஒரு செட் முழுக்கப் பரவுகிறது. வெதுவெதுப்பான நீரில் சோப்பும் பிரஷும் போட்டு வாரம் ஒருமுறையாவது கழுவுங்கள்.

அந்தத் தம்பிக்கு நடுத்தர ஆழத்தில், உள் விளிம்பு மழுங்கிய ஒன்று ஒத்து வந்தது. முதல் வாரம் சத்தம் மந்தமாக இருக்கிறது என்று குறைப்பட்டார். பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். தினமும் கீழ் சுரங்களில் மெதுவாக இருபது நிமிடம், ஊதுகிற நேரத்துக்குச் சமமாக ஓய்வு. வைகாசியில் ஒரு நாள் இரவு போன் வந்தது. மாப்பிள்ளை அழைப்பு மண்டபத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மூன்றாவது மணி நேரமாம், கடைசிப் பாட்டை ஒரு கட்டை இறக்காமல் ஊதி முடித்ததாகச் சொன்னார். மேல் சி எப்படி என்று கேட்டேன்.

"அது இன்னும் தடுமாறுது மாஸ்டர்."

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.