கடைசி வேளை உணவு: சொல் விளக்கம்

மரண தண்டனைக்கு முன் கைதி விரும்பிக் கேட்டதைச் சமைத்தோ வாங்கியோ கொடுக்கும் வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'லாஸ்ட் மீல்' என்று பெயர். நம் பக்கம் இது பெரும்பாலும் அமெரிக்கச் செய்திகளில்தான் அடிபடுகிறது. தமிழில் இறுதி விருந்து, கடைசி உணவு, கடைசி ஆசை என்று கைக்கு வந்ததை எழுதிவிடுகிறார்கள்.

'விருந்து' இங்கே பொருந்தவே பொருந்தாது. அதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் புனைந்த செய்யுளையே 'விருந்து' என்கிறது. வீட்டுக்குப் புதிதாக வந்தவரும் விருந்து. அவருக்கு இட்ட சோறும் பின்னால் விருந்தானது. ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்தவனை விருந்தாளி என்பதா? 'இறுதி' ஊர்வலத்தோடும் சடங்கோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'கடைசி ஆசை'யில் உணவும் அடங்கலாம், மகளைப் பார்ப்பதும் அடங்கலாம்.

டெல்டாவின் டீக்கடைப் பேச்சில், "அவனுக்கு வாய்க்கரிசி போதும்" என்ற சொல்லும் விழக்கூடும். கோபம் புரிகிறது, சொல்தான் தவறு. வாய்க்கரிசி செத்தவருக்கு உறவினர் இடுவது. உயிரோடு இருப்பவனுக்குச் சிறை அதிகாரி இடுவதற்கு அந்தப் பெயர் ஆகாது.

பிற மொழிகள் எதையும் மறைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் 'ஹெங்கர்ஸ்மால்ட்சைட்', அதாவது தூக்கிலிடுபவனின் சாப்பாடு. இப்போது ஊரை விட்டுக் கிளம்புமுன் நண்பர்களோடு உண்பதையும் அவர்கள் வேடிக்கையாக அப்படிச் சொல்வதுண்டு. சீனத்தில் 'துவான் தோ ஃபான்', தலை துண்டிக்கும் சோறு. முதல் சொல்லில் கொடுப்பவன் நிற்கிறான், இரண்டாவதில் நடக்கப்போவது நிற்கிறது. ஆங்கிலச் சொல்லில் இரண்டுமே இல்லை.

கைதியும் கடைசி வாய்த் தண்ணீரும் என்றால் காவிரிக் கரைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் வழியில் இருக்கும் குடவாசல்தான் அன்றைய குடவாயில் என்பார்கள். சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை அங்கே சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான், கிடைக்கவில்லை. பிறகு கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு உயிர் விட்டான் என்கிறது புறநானூறு 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. கட்டி வைத்த நாயைப் போல இருந்து, பகைவரிடம் இரந்து குடிப்பதா என்பதுதான் பாட்டின் கொதிப்பு. அவன் போர்க்கைதி, தண்டனைக் கைதி அல்லன். ஆனாலும் இந்தச் சொல்லின் முடிச்சு அங்கேயே இருக்கிறது: சலுகையாகக் கொடுத்தால் அது பிச்சை.

அதே காவிரி கடலில் கலக்கும் புகாரில், மணிமேகலை அமுதசுரபியோடு சிறைக்குள் நுழைந்து கைதிகளுக்குச் சோறிட்டாள். அரசனிடம் கேட்டு அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டம் ஆக்கினாள். யார் என்ன குற்றம் செய்தார் என்று விசாரித்துவிட்டு அவள் சோறு போடவில்லை.

கொடுக்கத்தான் வேண்டுமா? டெக்சாஸ் 2011 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. லாரன்ஸ் ரஸ்ஸல் புரூவர் என்ற கொலைக் கைதி இறைச்சி, பீட்சா, ஆம்லெட், வறுத்த வெண்டைக்காய், ஐஸ்கிரீம் என்று நீண்ட பட்டியல் கொடுத்துவிட்டு ஒன்றையும் தொடவில்லை. அவன் கையால் செத்தவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இருந்ததா என்று அப்போதைய மாநில செனட்டர் ஜான் விட்மயர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கொலைகாரன் காட்டிய இரக்கத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் அரசு எங்கே போய் நிற்கும்? இரும்பொறையின் மானத்தைப் புரூவரோடு வைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தட்டைத் தள்ளுவதும் உண்பவன் உரிமையே. ஃபுளோரிடா செலவை 40 டாலருக்குள் அடக்கி வழக்கத்தைத் தொடர்கிறது. அது போதும். அந்தப் பட்டியலைச் செய்தியாக்கி ஊர் ரசிப்பதுதான் எனக்கு அருவருப்பு.

இந்தியாவில், சத்ருகன் சவுகான் வழக்கின் 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கருணை மனு நிராகரிப்பைத் தெரிவித்தபின் தூக்குக்கு முன் 14 நாள் அவகாசம், குடும்பத்தாருடன் கடைசிச் சந்திப்பு, பிரேதப் பரிசோதனை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. அந்த நெறிமுறைகளில் உணவு இல்லை.

என் பரிந்துரை 'கடைசி வேளை உணவு'. மருந்துக்கும் சோற்றுக்கும் நாம் வேளைக் கணக்குதான் வைத்திருக்கிறோம். மூன்று வேளை போட்டுவந்த சிறை, நான்காவதாக ஒன்றைத் தானம் செய்யவில்லை. முறைப்படி வரும் வேளைகளில் இதுவே கடைசி. கைதியே தேர்ந்தெடுத்தது என்று காட்ட வேண்டுமானால் 'கடைசி வேளை விருப்ப உணவு' எனலாம். டெக்சாஸ் நிறுத்தியது இந்த விருப்பத்தை மட்டுமே. மற்றக் கைதிகளுக்குக் கொடுப்பதை அங்கே இவர்களுக்கும் இன்றும் கொடுக்கிறார்கள்; அந்தச் செய்தியை எழுதும்போது 'விருப்ப' என்பதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.