வீட்டுக் கதவா, டிவி விளம்பரமா: ஓட்டை எது நகர்த்துகிறது?

தேர்தல் நேரத்தில் போனுக்கு வரும் கட்சிச் செய்தியை யாரோ ஒரு தொண்டர் ஆர்வத்தில் எழுதி அனுப்பியதாக நினைக்கிறோம். பெரிய பிரச்சாரங்களில் அந்த ஒரு வரிக்கே நாலைந்து வடிவம் எழுதி, சின்னச் சின்னக் குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்து, எது எடுபடுகிறதோ அதைத்தான் மற்ற எல்லாருக்கும் தட்டிவிடுவார்கள்.

தேர்தல் பிரச்சாரத்தையே தனித் தொழிலாக்கியவர்கள் கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்ற இருவர். அதுவரை கட்சிக்காரர்கள் செய்துவந்த வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்து தர 1933-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனமே தொடங்கினார்கள். அப்புறம் 1952-இல் விளம்பரத் துறையிலிருந்து ரோஸர் ரீவ்ஸ் வந்தார். அதிபர் தேர்தலில் நின்ற ஐசனோவருக்காக அவர் எடுத்த டிவி விளம்பரங்களில் சாதாரண மக்கள் கேள்வி கேட்பார்கள், ஐசனோவர் பதில் சொல்வார். உண்மையில் ஐசனோவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதில்களை மட்டும் பேசி முடித்துவிட்டுப் போய்விட்டார். கேள்வி கேட்கும் முகங்களைப் பிறகு தேடிப் பிடித்து, தனியாகப் படம் பிடித்து ஒட்டினார்கள்.

இதெல்லாம் ஓட்டைக் கூட்டியதா என்று மட்டும் அப்போது பெரும்பாலும் யாரும் அளந்து பார்க்கவில்லை. ஜெயித்தால் செய்ததெல்லாம் சரி, தோற்றால் எல்லாம் தப்பு, அவ்வளவுதான். மருந்தைச் சோதிப்பதுபோல, வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் செய்தியைக் கொடுத்து மறுபாதியோடு ஒப்பிட்டால்தானே பலன் தெரியும்? 1998-இல் ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் அதைத்தான் செய்தார்கள். நேரில் போய்க் கதவைத் தட்டிப் பேசிய வீடுகளில் வாக்குப்பதிவு தெளிவாகக் கூடியது, கூலிக்கு ஆள் வைத்துப் பேசிய போன் அழைப்புகளுக்குப் பலனே தெரியவில்லை.

2007 கடைசியில் ஒபாமாவின் பிரச்சாரக் குழு தன் இணையதள முகப்பில் நாலு வகைப் பட்டன், ஆறு வகைப் படம் அல்லது வீடியோ என்று 24 சேர்க்கைகளை, வந்தவர்களுக்கு மாற்றி மாற்றிக் காட்டிச் சோதித்தது. குழுவில் இருந்தவர்களுக்குப் பிடித்தது ஒரு வீடியோ. ஆனால் வீடியோக்கள் எல்லாமே படங்களிடம் தோற்றன. குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பட்டனும் சேர்ந்தபோது மின்னஞ்சல் கொடுத்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தார்கள். அத்தனை பேரின் அனுபவத்தையும் ஒரு படமும் ஒரு பட்டனும் பொய்யாக்கிவிட்டன என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மனதை மாற்றுவது வேறு கதை. 2018-இல் ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 49 களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமெரிக்கப் பொதுத்தேர்தலில் யாருக்கு ஓட்டு என்ற முடிவைப் பிரச்சாரத் தொடர்பும் விளம்பரமும் மாற்றும் அளவு சராசரியாகப் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றது. ஆனால் ஆளை வாக்குச்சாவடிக்கு வரவைக்க முடியும். மிச்சிகன் மாநிலத்தில் 2006-இல், 'நீங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓட்டுப் போட்டீர்களா' என்ற பழைய பதிவை அச்சிட்டு அனுப்பிய ஒரே கடிதம் வாக்குப்பதிவை 29.7-இலிருந்து 37.8 சதவீதத்துக்குத் தூக்கியது. அங்கே யாருக்குப் போட்டார் என்பதுதான் ரகசியம், போட்டாரா என்பது பொதுப் பதிவு.

அதனால்தான் தொழில்முறை ஆட்கள் எதிர்த்தரப்போடு மல்லுக்கட்டாமல், தங்கள் பக்கம் சாய்ந்த, ஆனால் சோம்பலாக இருக்கிற ஆளைப் பட்டியலில் தேடுகிறார்கள். கணக்குப்படி அது சரிதான். என் கவலையெல்லாம் ஓட்டே போடாதவரைப் பற்றித்தான். 'ஓட்டுப் போட வரமாட்டார்' என்று கணித்து, கணினி அவருக்குப் போடும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டால் அவர் வீட்டுக்கு ஆள் போவதில்லை, யாரும் வந்து கேட்காததால் அவரும் போவதில்லை, அடுத்த தேர்தலில் அந்த மதிப்பெண் இன்னும் இறங்குகிறது.