நாலு தேங்காய் எவ்வளவு?

மட்டக்களப்புச் சந்தையில் மரக்கறிக் கடைத் தம்பியிடம் நாலைந்து சாமான் வாங்கிப் பாருங்கள். பை கைக்கு வரும்போதே மிச்சக் காசும் வந்துவிடும். அதே தம்பி பள்ளிக்கூடத்தில் 'கணக்கு ஓடாதவன்' என்று பெயர் வாங்கியவனாக இருக்கலாம்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் டெரெசின்யா நூனிஸ், டேவிட் கராஹர், அனாலூசியா ஷ்லீமன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இதைத்தான் சோதித்தார்கள். தெரு வியாபாரத்தில் நின்ற ஐந்து பிள்ளைகள், வயது 9 முதல் 15 வரை. முதலில் சாமான் வாங்குபவர்களைப் போலப் போய் விலை கேட்டார்கள். 98.2 சதவீத விடைகள் சரி. பிறகு அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 36.8 சதவீதம்தான் சரி. ஆய்வு 1985இல் வெளிவந்தது. ஐந்தே பேர் என்பதால் சதவீதத்தை விட்டுவிடுவோம். சுவையானது அவர்கள் விட்ட பிழை.

12 வயதுப் பையன் ஒருவன். தேங்காய் ஒன்று 35. நாலு கேட்டதும், மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்தால் 135, இன்னும் 5, ஆக 140 என்றான். மூன்று தேங்காய் 105 என்பது அவன் வாயில் புழங்கிய விலை. அதிலிருந்து ஏறிப் போகிறான். தாளிலோ 35ஐ 4ஆல் பெருக்க வேண்டும். நாலைந்து இருபது, கைமிச்சம் 2. அந்த இரண்டைப் பெருக்கிய பிறகு கூட்ட வேண்டும். அவன் முன்னமே மூன்றோடு கூட்டி, ஐந்தை நாலால் பெருக்கி, விடை 200 என்று எழுதிவிட்டான். விதி அரைகுறையாய் நினைவிருக்கிறது, தேங்காயைக் காணோம். கடையில் 200 கேட்டால் வாங்குபவர் சும்மா விடுவாரா?

சரி, நம் ஊருக்கு வருவோம். மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியை ஆடும் ஒருவரைக் கதிரையில் இருத்தி, பாட்டொன்றை நடுவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். திணறுவார். 'பாட்டுத் தெரியாது' என்று குறித்துக்கொண்டு போகலாம்தான். கூத்தாடும் களமான களரியில், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டட்டும். கால் முந்தும், சொல் பின்னால் வரும். ஆடுபவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுகிற இடைவெளியில் அடுத்த அடி நாக்குக்கு வந்துவிடும். அந்த நினைவில் பாதி மத்தளத்திலும் மற்றவர் குரலிலும் இருக்கிறது. கதிரையில் வைத்து அளந்தால் மிச்சப் பாதிதான் அகப்படும்.

களரி ஓரத்துப் பாயில் அரைத் தூக்கத்தில் கிடக்கும் சிறுவர்களையும் இந்த நினைவை அளக்க வரும் ஆய்வாளர் கவனிக்க வேண்டும். கூத்துப் பாட்டெழுதிய சட்டக் கொப்பியைக் கண்ணாலும் காணாதவர்கள். மறுநாள் வளவுக்குள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ராசா வரவை ஆடிக்கொண்டிருப்பார்கள்.