பெட்டியில் 240 ஹெர்ட்ஸ், கண்ணுக்கு எத்தனை?

மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் கேமிங் மானிட்டர் என்று வாயைத் திறந்தால் முதலில் காதில் விழுவது ஒரு எண்தான்: 165, 180, 240. திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு அது. வளைந்த அல்ட்ராவைடு (மிக அகலமான) மானிட்டர்களிலும் இப்போது 240 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது, அடுத்து வருபவை அதையும் தாண்டப் பார்க்கின்றன. புது மாடல் வரட்டும் என்று காசைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த எண் கண் வரை வந்து சேர படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு, கேபிள், படத்தைக் காட்டும் பேனல் என்ற மூன்றையும் கடக்க வேண்டும். எது மெதுவோ, அதுதான் உங்கள் மானிட்டரின் நிஜ வேகம்.

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லிசெகண்டு நிற்கும். 144-ல் 6.9, 240-ல் 4.2, 360-ல் 2.8. இப்படி 'நிற்பது'தான் மங்கலுக்குக் காரணம். ஓடும் உருவத்தைக் கண் விடாமல் பின்தொடர்கிறது; திரையிலோ படம் ஒரே இடத்தில் நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. நிற்கும் அந்த நேரத்தில் கண் எவ்வளவு நகர்ந்ததோ, அவ்வளவு தூரத்துக்கு விழித்திரையில் படம் இழுபடும். நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடும் எதிரி 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு மங்குவான், 240-ல் 4 பிக்சல்தான். 60-லிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்டு மிச்சம். 240-லிருந்து 360-க்குப் போனால் மிச்சம் 1.4 மட்டுமே. அந்தக் கடைசித் தாவலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது போட்டியில் ஆடுபவருக்குச் சரி, மற்றவர்களுக்கு வீண்.

இனி கார்டு. 3440×1440 திரையில் ஏறக்குறைய 49.5 லட்சம் பிக்சல்கள், சாதாரண 1920×1080 திரையில் 20.7 லட்சம். வேலை 2.4 மடங்கு ஆகிறது. பழைய மானிட்டரில் 140 எஃப்பிஎஸ் (நொடிக்கு வரையும் படங்கள்) கொடுத்த கார்டு இங்கே 60, 70-க்கு இறங்கினால் கார்டைக் குறை சொல்ல முடியாது. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என்ற வசதிகள் இரண்டும் செய்வது ஒரே வேலை: கார்டு படத்தை முடிக்கும்வரை திரையைக் காத்திருக்க வைப்பது. எஃப்பிஎஸ் மிகவும் விழுந்துவிட்டால் ஒரே படத்தை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும்; 40 எஃப்பிஎஸ் வந்தால் திரை 80 ஹெர்ட்ஸில் ஓடும். விஏ (திரவப் படிகத் திரையில் ஒரு வகை), ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை) பேனல்களில் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. லோடிங் திரையிலும் மெனுவிலும் எஃப்பிஎஸ் தாறுமாறாக ஏறி இறங்கும்போது இருட்டுப் பகுதிகள் மினுக் மினுக்கென்று துடிக்கும். பீஸ் பழுது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பிக்சலின் வெளிச்சம் ஒவ்வொரு ரெஃப்ரெஷ் ரேட்டிலும் லேசாக மாறுவதால் வரும் துடிப்பு அது. கார்டு விடாமல் தரக்கூடிய ஒரு எஃப்பிஎஸ்ஸில், 90 என்றால் 90-ல், வரம்பு வைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இணைப்பின் வேகம் நொடிக்கு 32.4 கிகாபிட் என்று எழுதியிருக்கும். படத்துக்கு உண்மையில் கிடைப்பது 25.9. எச்டிஎம்ஐ 2.0-ல் 18 என்பது 14.4. 3440×1440 படத்தை 10 பிட் நிறத்தில் (8 பிட்டைவிட நுணுக்கமான நிறப் படிகள்), படங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி நேரத்தையும் சேர்த்து அனுப்ப 144 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 23 கிகாபிட் வேண்டும். 240 ஹெர்ட்ஸில் அது 41 ஆகிவிடும். 2022-ல் வந்த ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ மானிட்டர் 175 ஹெர்ட்ஸில் 8 பிட்டோடு நின்று, 10 பிட் கேட்டால் 144-க்கு இறங்கியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். புது மாடல்கள் இதை இரண்டு வழிகளில் தாண்டுகின்றன. ஒன்று டிஎஸ்சி என்ற சுருக்கம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் தரவை மூன்றில் ஒரு பங்கு அளவு வரை சுருக்கிவிடும். மற்றொன்று எச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 2.1 என்ற அகலமான பாதை. வாங்கும்போது '2.1' என்ற எண்ணோடு விட்டுவிடாமல், எத்தனை கிகாபிட் என்றும் கேளுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் 2.1 என்ற ஒரே பெயரில் 40, 54, 80 என்று மூன்று வேகங்கள் விற்கின்றன.

திரை ஒரு நொடி கருத்துத் திரும்பினாலோ, வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ முதலில் 120 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். அங்கே கோளாறு நின்றுவிட்டால் சந்தேகம் கேபிள்மேல்தான். பெட்டியோடு வந்த கேபிளையே போட்டுப் பாருங்கள். இன்னொன்று, விண்டோஸ் பல சமயம் புது மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் விட்டுவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் நீங்களே மாற்ற வேண்டும். 165 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் 60-ல் விளையாடுபவர்கள் நிறையப் பேர்.

சரி, படம் பேனலுக்கு வந்துவிட்டது. 240 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு பிக்சலும் 4.2 மில்லிசெகண்டுக்குள் நிறம் மாறி முடித்திருக்க வேண்டும். குறைந்த விலை வளைந்த மானிட்டர்கள் பெரும்பாலும் விஏ. கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாற 20 மில்லிசெகண்டுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். திரவப் படிகத்தைத் திருப்புவது மின்னழுத்தம்; அடுத்தடுத்த இரு இருட்டு நிறங்களுக்கு நடுவே அழுத்த வித்தியாசம் மிகக் குறைவு, அதனால் சோம்பலாகத் திரும்புகிறது. கடையிலேயே சோதிக்கலாம்: கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்துள்ள ஒரு பக்கத்தைத் திறந்து வேகமாக ஸ்க்ரோல் செய்யுங்கள். எழுத்துக்குப் பின்னால் மை ஒழுகியதுபோல வால் நீண்டால், இருட்டுக் குகைக்குள் ஓடும் எதிரிக்கும் அதே வால் வரும். இதைச் சரிசெய்ய 'ஓவர்டிரைவ்' என்று கூடுதல் அழுத்தம் கொடுக்கிறார்கள். அதை உச்சத்தில் வைத்தால் பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய், உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் விழும். பெட்டியில் போடும் '1 மி.செ.' பல சமயம் இந்த உச்சத்தில் எடுத்ததுதான். நடு அளவே போதும்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. சூடு ஏறினால் திரவப் படிகம் இளகி வேகமாகத் திரும்பும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் விஏ பேனலின் வால் கொஞ்சம் குறையவே செய்யும். ஓஎல்இடிக்கு இது நேர் எதிர்: பிக்சல் மாறும் நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, ஆனால் சூடு அதன் ஆயுளைத் தின்னும்.

வளைவு அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1800ஆர் என்றால் 1800 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 34 அங்குலத் திரையின் அகலம் சுமார் 80 செ.மீ. இரண்டடி ஆழ மேசையில் 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், தட்டைத் திரையின் ஓரத்தை 34 டிகிரி சாய்வில் பார்ப்பீர்கள். 1800ஆரில் அது 23 டிகிரி, 1000ஆரில் 14. விஏ பேனலில் சாய்வு கூடக் கூட ஓரத்தில் நிறம் வெளிறும் என்பதால் வளைவுக்கு அங்கே நிஜமான வேலை உண்டு. ஓஎல்இடி சாய்வாகப் பார்த்தாலும் அவ்வளவாக நிறம் மாறாது, அதில் 800ஆர் என்பது பெரும்பாலும் விருப்பம்தான். 45 அங்குலம், 800ஆர் என்றால் ஓரங்கள் நடுவைவிட 17 செ.மீ. முன்னே நிற்கும். ஸ்டாண்டும் மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். மானிட்டரைத் தாங்கும் ஆர்ம் போடுவதாக இருந்தால் எடைக் கணக்கைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைகள் முன்னே இருப்பதால் எடை முன்பக்கம் இழுத்து, தலை கவிழப் பார்க்கும். கடையிலிருந்து கொண்டுவரும்போது பெட்டியை ஷேர் ஆட்டோ சீட்டில் படுக்கப் போட்டு மேலே பை வைக்காதீர்கள். நிற்க வைத்தே கொண்டுவாருங்கள்.

கியூடி-ஓஎல்இடி (குவாண்டம் டாட் சேர்ந்த ஓஎல்இடி) வாங்குபவர்கள் அறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவரை வந்த பேனல்கள் பலவற்றில் வெளி வெளிச்சத்தின் பிரதிபலிப்பை அடக்கும் போலரைசர் படலம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தால் கறுப்பு, சாம்பல் கலந்த ஊதாவாகத் தெரியும். வெள்ளைச் சுவர், திறந்த ஜன்னல், பகல் ஆட்டம் என்றால் திரையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

கரண்ட் விஷயம் தனி. 600 விஏ (இது பேனல் வகை அல்ல, வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேமிங் கார்டும் அகல மானிட்டரும் சேர்ந்து ஆடும்போது கரண்ட் போனால் கூவிக்கொண்டே அணைந்துவிடும். விஏ எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பாருங்கள்.

நம் வீடுகளில் கம்ப்யூட்டரை அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் தட்டிவிடுவது பழக்கம். ஓஎல்இடிக்கு அது ஆகாது. சில மணி நேரம் ஓடிய பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது பேனல் தானாகத் தன் பிக்சல்களை அளந்து தேய்மானத்தைச் சமன் செய்யும். சில நிமிட வேலை. தினமும் சுவிட்சைத் தட்டினால் அந்தச் சுற்று நடக்காமலே தள்ளிப்போகும், டாஸ்க்பாரும் கேமின் ஹெல்த் பட்டையும் நிரந்தரத் தழும்பாகப் பதிவதற்கு வழி திறக்கும். பவர் விளக்கு கண் சிமிட்டி முடியும்வரை சுவிட்ச் ஆனிலேயே இருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் சுற்று பாதியில் நின்றால், மானிட்டர் மெனுவில் போய் பிக்சல் ரெஃப்ரெஷை நீங்களே ஒருமுறை ஓட்டிவிடலாம்.