கேரம் போர்டில் மடங்காத விரல்

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அண்ணன் இருபது வருஷம் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். இப்போது கீபோர்டில் கை வைத்தால் மட்டும் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாக உள்ளே மடங்கிக்கொள்கின்றனவாம். எம்.ஆர்.ஐ.யில் ஒரு குறையும் இல்லை. நரம்பு டாக்டர் ‘டிஸ்டோனியா’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். “அம்மா செய்வினை என்கிறார். நரம்புக் கோளாறு என்றால் எல்லா வேலையிலும்தானே கை மக்கர் பண்ண வேண்டும்?” என்று கேட்டிருந்தார்.

அருமையான கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன்.

வீட்டு வாசலில் அண்ணன் பசங்களோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் காய் நேராகப் பாக்கெட்டுக்குள் விழுகிறது. உள்ளே போய்க் கீபோர்டைத் திறந்தார். ச ரி க வரை வந்தது. அதற்குள் கடைசி இரண்டு விரல்களும் நத்தைக் கொம்பு போல உள்ளே சுருண்டுவிட்டன. “வலிக்கவே இல்ல சார். வலிச்சாலாவது மருந்து தடவலாம்” என்றார். சுவரெல்லாம் அவர் வரைந்த படங்கள்: காசிமேட்டு விசைப்படகுகள், துறைமுகத்துக் கிரேன்கள், மழை நேரத்து பேசின் பிரிட்ஜ். வாசிப்பு நின்ற பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டாராம்.

தசை சுருங்க மூளையிலிருந்து ஆணை வர வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பலரும் யோசிக்காதது, நிறுத்தச் சொல்லும் ஆணை. ஒரு விரலை மட்டும் அசைக்க வேண்டுமானால், பக்கத்து விரல்களை “நீ சும்மா இரு” என்று மூளை அதே கணத்தில் அடக்கியாக வேண்டும். டிஸ்டோனியாவில் இந்த அடக்கும் வேலைதான் தளர்ந்துபோகிறது. அடங்க வேண்டிய தசையும் சேர்ந்து இழுக்கிறது.

என்னை எப்போதும் சொக்க வைப்பது இதற்கு அடுத்த படி. மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டு. விரல்களின் தொடு உணர்வு வந்து சேரும் இடங்கள் அதில் லைன் வீடுகள் மாதிரி வரிசையாக இருக்கும். இந்த வீடுகளின் அளவு நிலையானதல்ல, பழக்கத்தைப் பொறுத்து மாறும். வயலின் போன்ற தந்திக் கருவி வாசிப்பவர்களின் மூளையில் இடது கை விரல்களுக்கான இடம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 1995இல் ஜெர்மனியில் அளந்து காட்டினார்கள். சாதகம் செய்யச் செய்ய வீடு விரிகிறது!

ஆனால் ஒரே நேரத்தில் வரும் இரண்டு சேதிகளை மூளை ஒரே ஆள் அனுப்பியதாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உடையது. வேகமாக, ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கான மணி நேரம் வாசிக்கும்போது அடுத்தடுத்த விரல்களின் சேதிகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே போய்ச் சேர்கின்றன. நடுச்சுவர் கரையத் தொடங்குகிறது. 1998இல் டிஸ்டோனியா வந்த இசைக்கலைஞர்களை அளந்தபோது, விரல்களுக்கான இடங்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எந்த விரல் எது என்று தெளிவாகத் தெரியாத மூளை, எதை அசைப்பது, எதை அடக்குவது? சாதகம் செய்யும் எல்லோருக்கும் இது வருவதில்லை, பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. தொழில்முறைக் கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவர் என்பது பரவலான மதிப்பீடு.

சர்ஜரி செய்பவர்கள் போடும் ரப்பர் கையுறை ஒன்றை அண்ணனைப் போடச் சொன்னேன். இரண்டு விரல்களும் கொஞ்சம் நிமிர்ந்தன, ஒரு முழு ஸ்வர வரிசை வந்தது. வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான்கைந்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிட்டது. தசையில் எதுவும் மாறவில்லை, தோல் அனுப்பும் சேதிதான் மாறியது. சிக்கல் தசையில் இல்லை, தொடு உணர்வை மூளை படிக்கும் விதத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை.

வாசகியின் கேள்விக்கும் இங்கேதான் பதில். கீபோர்டு வாசிக்க ஒன்று, சோறு பிசைய ஒன்று, ஸ்ட்ரைக்கர் சுண்ட ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் மூளை தனித்தனி இயக்கத் திட்டம் வைத்திருக்கிறது. கெட்டுப்போனது அதில் ஒன்றுதான்.

மருத்துவம் உண்டு, முழுக் குணம் அரிது. போட்யுலினம் ஊசி, இழுக்கும் தசைக்கு நரம்பு அனுப்பும் ஆணையை ஏறக்குறைய மூன்று மாதம் தடுத்து வைக்கும். 1960களில் இதே கோளாறால் வலது கையால் வாசிக்க முடியாமல் போன அமெரிக்க பியானோ மேதை லியான் ஃபிளைஷர், 1990களில் இந்த ஊசியின் உதவியோடுதான் இரு கைகளாலும் மேடையேறினார். 2017இல் பெங்களூருவில் ஒரு கிதார் கலைஞர், மூளை அறுவை நடக்கும்போதே கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். எந்தப் புள்ளியைச் சுட்டால் விரல் விடுபடுகிறது என்று டாக்டர்கள் அங்கேயே பார்த்துக்கொண்டார்கள்.

செய்வினை என்று நம்பி இந்தக் குடும்பம் மூன்று வருஷம் தாயத்துக்கும் பரிகாரத்துக்கும் கொட்டியிருக்கிறது. அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லா வேலையும் செய்யும் கை ஒன்றை மட்டும் மறுத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த மூன்று வருஷத்தில் யாரும் அண்ணனிடம் “வாசித்துக் காட்டு” என்று சொல்லவில்லை என்பதில்தான் எனக்கு ஆற்றாமை. ஸ்கேனில் தெரியாத நோய் இது, வாசிக்கும்போது பார்த்தால்தான் பிடிபடும். தையல்காரர், நகை ஆசாரி, எழுத்தர் என்று விரலை நம்பிப் பிழைக்கும் எவருக்கும் வரலாம். வண்ணாரப்பேட்டைத் தையல் கடைகளுக்கும் கச்சேரி மேடைகளுக்கும் நேரில் போய்க் கணக்கெடுக்க ஓர் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். பெரிய கருவிகள் வேண்டாம், பார்க்கத் தெரிந்த கண்கள் போதும்.

கிளம்பும் முன் அவர் ஒரு படகுக்குக் கடைசிக் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் பிரஷ்ஷைப் பிடித்திருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கித் தாளில் ஊன்றி, கைக்கு முட்டுக் கொடுத்திருந்தன.